டிக்கியில் ஏறாத மெத்தை

"உன்னால அங்க ஒரு வாரம் நிக்க முடியுமாக்கும்?"

எனக்குத் திருவனந்தபுரத்தில் கல்லூரி விடுதி கிடைத்ததும், அம்மா வேலை செய்யும் வீட்டுக்காரி இப்படிக் கேட்டாள். அவள் மகளும் அதே விடுதிக்குத்தான் போகிறாள். அவளிடம் யாரும் இதைக் கேட்கவில்லை.

மெத்தையை நாங்களே கொண்டுவர வேண்டும் என்று விடுதியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பாயைத் தவிர வேறொன்றில் யாரும் படுத்ததில்லை. பாறசாலையில் ஒரு பஞ்சு மெத்தை வாங்கிச் சுருட்டிக் கட்டினோம். புறப்படும் அன்று வீட்டுக்காரி காரருகே நின்று அம்மாவிடம் இரக்கம் காட்டினாள்.

"மெத்தைய வேணும்னா டிக்கியில போடு. அவ பஸ்ஸில வந்தா போரும். பின்சீட்டு நிறைய மோளுக்க துணி உண்டு."

துணிக்கு சீட்டு உண்டு, எனக்கு இல்லை.

"வேண்டாம். நான் பஸ்ஸிலயே கொண்டு போவேன்," என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். ஆனாலும் துணைக்கு வந்தாள்.

முதல் பஸ்ஸில், திருவனந்தபுரம் தம்பானூர் நிலையம் வரை ஒருவன் மெத்தைமேல் சாய்ந்து உறங்கினான். விழித்ததும் அது இடைஞ்சல் என்று என்னையே ஏசினான். அங்கிருந்து விடுதிக்கு வேறு பஸ். ஆட்டோவுக்கு எங்களிடம் காசில்லை. சாயங்காலம் ஆபீஸ் அடைக்குமுன் போய்ச் சேராவிட்டால் என் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். மெத்தையைப் பார்த்ததும் இரண்டு பஸ்கள் நிற்காமலே போயின.

மூன்றாவது பஸ் நின்றது. கண்டக்டர் வாசலில் கையைக் குறுக்கே வைத்தார்.

"நீ கேறிக்கோ. மெத்த பற்றில்லா. இது லாறியல்ல." நான் ஏறலாமாம், மெத்தை கூடாதாம்.

"அடுத்த தடவ கட்டிலும் கொண்டு வரும்," என்று உள்ளே ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி, "பாண்டியல்லே," என்று சிரித்தாள். தமிழ் பேசுகிறவளை அப்படித்தான் சொல்வார்கள். நான் பிறந்ததும் இதே கேரளத்தில்தான்.

"திரும்பிப் போவம் மக்கா," என்றாள் அம்மா. "அந்தம்மா சொன்னப்பமே டிக்கியில போட்டிருந்தா இந்தச் சீரழிவு உண்டா?"

அந்த பஸ்ஸில் இருந்த எல்லோரையும்விட அப்போது அம்மாமேல்தான் எனக்கு அதிகக் கோபம். மெத்தையைக் கண்டக்டரின் கைக்கு அடியில் நுழைத்துத் தள்ளினேன். அது படியில் குறுக்கே சிக்கியது. கதவை அடைக்க முடியவில்லை. பஸ் முழுக்கக் கத்தியது. அதற்குள் நான் மெத்தையைத் தாண்டி உள்ளே ஏறி, அதைக் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருந்தேன்.