பேரம் பேசாத வாத்தியாரும் பழைய கிட்டாரும்

நம்ம பழைய சாமான் கடையில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் கிடக்கிறது. சமயநல்லூரில் கலைந்துபோன ஒரு இசைக்குழுவிடம் வாங்கியது. உடம்பெல்லாம் கீறல். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் பெயிண்டில் ஊறிப்போய், எம்புட்டுத் துடைத்தாலும் போக மாட்டேன் என்கிறது.

பீரோவோ சைக்கிளோ, பெயிண்ட் அடிக்காமல் நான் எதையும் விற்றதில்லை. இதையும் எடுத்துப்போக இன்று சாயங்காலம் பெயிண்டர் வருவதாக இருந்தது.

காலையில் ஒரு வாத்தியார் கிட்டாரை விலை கேட்டு வந்தார். சர்ச்சில் கிட்டார் வாசிப்பவராம். பெயிண்ட் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன் என்றேன்.

"அண்ணே, பெயிண்ட் மட்டும் அடிச்சிராதீங்க. பழைய பெயிண்ட் போச்சுன்னா மதிப்பே போயிரும்."

வாங்க வந்த ஆளுக்கு என் சரக்கோட மதிப்பு மேல எதுக்கு இம்புட்டு அக்கறை?

"பெயிண்டர் கிளம்பிட்டான் சார்" என்று சும்மா சொல்லிப் பார்த்தேன்.

"ஐயோ வேணாம்ணே! நீங்க சொல்ற விலைக்கு இப்பவே எடுத்துக்கிறேன்."

மதுரையில் பழைய சாமானைப் பேரம் பேசாமல் வாங்க ஓர் ஆள்!

"இது விக்கிறதுக்கு இல்ல சார்" என்று கிட்டாரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். பெயிண்டரையும் வர வேண்டாம் என்று சொல்லியாச்சு.

கிட்டார் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பெயிண்ட் அடிக்கலாமா, வேண்டாமா?

"அடிக்காதீங்க, எனக்கே குடுத்துருங்க" என்று இன்பாக்ஸுக்கு வருகிறவர்கள் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.