தண்ணி எதுவரைக்கும் வந்துது?

நாங்கள் நகரியில் வீடு தேடிய வருஷம், அந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்கப்போகிறது என்பதே முடிவாகவில்லை. ஆந்திரா தனியாகப் பிரிந்திருந்தது. எல்லைக் கோடு எங்கே விழும் என்பதுதான் டீக்கடையிலும் பேச்சு, பள்ளிக்கூடத்திலும் பேச்சு. நான் அங்கே தமிழ் வாத்தியாராகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "இப்போ வீடு கீடு வாங்கிடாதேய்யா. நாம மெட்ராஸா ஆந்திராவான்னு தெரியட்டும். வாடகைக்குப் பாரு" என்றார் கூட வேலை பார்த்த கணக்கு வாத்தியார்.

என் மனைவிக்கு அந்தக் கவலை துளியும் இல்லை. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில் இரண்டு பேருமாக வீடு பார்க்கப் போனோம்.

முதல் வீடு ஆற்றோரம். நெசவு நெய்யும் ஓர் அம்மாவுடையது. நாற்பது வயசிருக்கும், புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. முன்கட்டில் தறி போட்டுக்கொண்டு, பின்கட்டை வாடகைக்கு விடுவதாகச் சொன்னாள். ஓட்டு வீடு. நாலு தென்னை. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், கற்கண்டு மாதிரி இருந்தது. அங்கேயே சரி என்று சொல்லிவிடலாம் போலிருந்தது எனக்கு.

என் மனைவி சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். இடுப்பு உயரம் வரைக்கும் சுண்ணாம்பு புதுசாக இருந்தது, அதற்கு மேலே பழசு. தறிக்குழி ஓரத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்து, உள்ளே கையை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அக்கா, தண்ணி எதுவரைக்கும் வந்துது?" என்று கேட்டாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம். "இடுப்பு வரைக்கும்மா. போன மழைக்கு. எப்பனா ஒருவாட்டிதான் வரும்" என்றாள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். "எப்பவோ வர்ற தண்ணிக்கு இப்படி ஒரு வீட்டை விடறதா?"

அவள் மேட்டுப் பக்கமாக நடந்தாள். அப்புறம் சொன்னாள். பிச்சாட்டூர் பக்கம் ஆரணி ஆற்றோரத்தில் அவர்கள் வீடு. அவளுக்கு ஒன்பது வயசில் வெள்ளம் வந்தது. எல்லாரும் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். மறுநாள் தண்ணீர் வடிந்தது, வெயில் அடித்தது, வீட்டுக்குத் திரும்பினார்கள். தம்பியைச் சுவரோரம் படுக்கவைத்துவிட்டு அம்மா சேறு வழிக்கப் போனாள். "ஊறின மண்சுவரு. வெள்ளத்துல நின்னுது. வெயில்ல விழுந்துது."

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும், அவளுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் நான் அந்த வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்டேஷனுக்கு அப்பால், பாறை மேட்டில் ஒரு வீட்டைப் பிடித்தோம். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். சமையல் புகை போக வழியில்லை. ஆனால் கருங்கல் சுவர். எட்டிப் பார்த்தால் கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். அவள் முகம் தெளிந்துவிட்டது.

பிரசவத்துக்குப் போய், ஆனி மாதம் மூன்று மாதப் பெண் குழந்தையோடு திரும்பி வந்தாள். அந்தக் கிணற்றில் அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கார்த்திகையில் எட்டிப் பார்த்த கிணறு, பாறைக் கிணறு, கோடைக்குத் தாங்கவில்லை. குழந்தைத் துணிகள் மூலையில் குவிந்து கிடந்தன. "மேட்டுக்கு வந்துட்டா போதும்னு இருந்துட்டேன். இதைக் கேக்கத் தோணலியே" என்று அழுதாள்.

இரண்டு குடங்களோடு நான் ஆற்றோர வீட்டு வாசலில் போய் நின்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வீடு. வெட்கமாக இருந்தது. அந்த அம்மா தறியிலிருந்து எழுந்து வந்தாள். அந்தப் பக்கம் வாத்தியாரை அய்யவாரு என்பார்கள்.

"தண்ணிக்கு இன்னா கேள்வி அய்யவாரு? மொண்டுக்கினு போ. அந்தப் பொண்ணையும் கொயந்தையையும் இங்க அனுப்பு. பச்சப்புள்ளைக்குக் குடத்துத் தண்ணி எத்தினி நாளைக்குப் போதும்?"

அன்று முதல் என் மனைவி தினமும் காலையில் குழந்தையோடு அங்கே போய்விடுவாள். அந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றுவாள். குழந்தை குளித்துத் தூங்கினால் தறிச் சத்தத்திலேயே தூங்கும். பள்ளிக்கூடம் விட்டு நான் போய்க் கூட்டி வருவேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை, வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. நான் போய் அந்த அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. "தறியில புதுப் பாவு ஏத்திக்கிறேன் அய்யவாரு. விட்டுட்டு எப்பிடி வர்றது?"

நான் தனியாகத் திரும்பியதைப் பார்த்ததும் என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். கணுக்கால் தண்ணீரில் நடந்து போய் அந்த வாசற்படியில் உட்கார்ந்தாள். "நீ வர்ற வரைக்கும் நாங்களும் இங்கதான் இருப்போம் அக்கா."

அந்த அம்மா குழந்தையைப் பார்த்தாள். கத்தியை எடுத்துத் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை அறுத்தாள். அறுத்த நூலைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு எங்களோடு நடந்தாள்.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் அவள் வீட்டு ஜன்னலைத் தொட்டது. மறுநாள் வடிந்தது, வெயிலும் வந்தது. சேறு வழிக்க அவள் புடவையைத் தூக்கிச் செருகியபோது என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு வேணாம் அக்கா. நாளைக்கும் வேணாம்." தம்பியைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மா புடவையை இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் பின்கட்டுச் சுவர் விழுந்தது. நாங்கள் குடி வந்திருக்க வேண்டிய பக்கம். உள்ளே யாரும் இல்லை. சேதி வந்ததும் என் மனைவி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் கீழே விடவேயில்லை.

எட்டு மாதம் அந்த அம்மா எங்கள் சின்ன வீட்டில் இருந்தாள். எல்லையும் அந்த நாட்களில்தான் முடிவானது. திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். கணக்கு வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பாறை மேட்டில் அடுப்பு எரிந்தது, கோடையில் தண்ணீர் தூரத்திலிருந்து வந்தது, மற்றபடி எதுவும் மாறவில்லை.

அந்த அம்மாவுக்குப் பழைய இடத்திலேயே, ஆள் உயரத்துக்குக் கருங்கல் கட்டி அதன்மேல் வீடு எழுப்பினார்கள். பால் காய்ச்சிய அன்று நாங்கள் விடைபெற்றபோது, பெரியம்மா என்று சொல்ல வராமல் "பெம்மா, பெம்மா" என்று குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்தால் அலறல்.

"விட்டுட்டுப் போங்களேன், ரெண்டு நாளு இருக்கட்டும்" என்றாள் அந்த அம்மா, பயந்து பயந்து.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கருங்கல்லைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து வந்தாள். பிறகு குழந்தையின் மாற்றுத்துணி மூட்டையைப் படியில் வைத்துவிட்டு, என்னோடு வீட்டுக்கு நடந்தாள்.