நாற்காலி வாடகை முப்பது ரூபாய்

எழிலரசி தன் இருபத்து நான்காவது வயது வரை தனியாக எங்கும் போனதில்லை. மாதம் ஒரு முறை பல லட்சம் பேர் அவள் வீட்டு வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்ததால், அவளும் எங்காவது போக வேண்டியவள் என்பது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. கல்லூரிக்குப் பெரியப்பா மகளோடு போய் பி.காம். முடித்தாள். நேர்முகத் தேர்வு என்றால் அண்ணன் மாறன் கூட வருவான். செய்யாறு பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி கூப்பிட்டபோது, மாறன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டான். அதிகாரி முதல் மூன்று கேள்விகளை அவனிடம்தான் கேட்டார். பதில்கள் திருப்தியாக இருந்திருக்க வேண்டும்; வேலை எழிலரசிக்குக் கிடைத்தது.

அவள் அந்த வேலைக்குப் போகவில்லை. வாசலில் அவளுக்கென்று ஒரு தொழில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

கோயிலிலிருந்து வெறுங்காலோடு கிளம்பி மலையைச் சுற்றுகிறவர்களுக்கு அடி அண்ணாமலை ஏறக்குறைய பாதி வழி. பக்தி அதற்கு மேலும் தாங்கும், பாதம் தாங்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமி மாலையில், ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி படியில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினார். எழிலரசியின் அம்மா தனம் துணி ஊறவைக்கிற டப்பைக் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றி, ஒரு பிடி கல்லுப்பு போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மாள் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். அடுத்த பௌர்ணமிக்குப் பதினோரு பேரோடு வந்தார். தனம் பயந்துபோய் உள்ளே ஓடினாள். எழிலரசி பயப்படவில்லை, கடைக்குப் போய் டப்பு வாங்கி வர மாறனை அனுப்பினாள்.

அப்படிப் பன்னிரண்டு டப்பு, பன்னிரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு காஸ் அடுப்பு, வேப்பிலை, துண்டுகள் என்று தொழில் நின்றது. போனைப் பார்த்துத் தெலுங்கும் கற்றுக்கொண்டாள். சூடு, வலி, மெதுவாக, பத்து நிமிஷம் என்பதற்கு மேல் போகவில்லை. அவளுக்குத் தெரிந்த தெலுங்கு முழுவதும் முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிட்டது.

சிக்கல் காசு வாங்குவதில்தான் வந்தது. கிரிவலப் பாதையில் மோர், பொங்கல், தண்ணீர் எல்லாம் கொடுக்கிறவர்கள் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே தண்ணீருக்குக் காசு கேட்பது பாவம் என்று தனம் சொன்னாள். எதிர்க்கடையில் பாட்டில் தண்ணீர் இருபது ரூபாய்க்குப் போகிறதே என்று மகள் கேட்டதற்கு அவளிடம் பதில் இருந்தது.

"அது கம்பெனித் தண்ணி. இது நம்ம ஊட்டுத் தண்ணி."

இந்த வாதத்தை யாராலும் உடைக்க முடியவில்லை. இளநீர் சீவிக்கொண்டிருந்த அப்பா அர்ஜுனன்தான் வழி கண்டுபிடித்தார். தண்ணீருக்கு வாங்க வேண்டாம், உட்காருகிற நாற்காலிக்கு வாங்கிக்கொள் என்றார். சாமிக்கும் குறையில்லை, காஸுக்கும் குறையில்லை. மறுநாளே இரண்டு மொழியில் பலகை வந்தது: "பாதத்துக்கு வெந்நீர் இலவசம். நாற்காலி வாடகை ரூ.30." நின்றுகொண்டே இரண்டு காலையும் நனைக்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள். உப்புத் தண்ணீரில் வழுக்கியதும் அவர்களும் நாற்காலியின் அருமையை உணர்ந்தார்கள்.

போன தை மாதம் ஷூ கம்பெனியிலிருந்து இரண்டாவது முறையாகக் கூப்பிட்டார்கள். பௌர்ணமி முடிந்த திங்கட்கிழமை சேராவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வார்களாம். அதே வாரம் எழிலரசியின் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது: வேங்கிக்காலில் இளம் தொழில்முனைவோர் திருவிழா. மூன்று நிமிஷம் பேச வேண்டும். பிடித்திருந்தால் முதலீடு செய்ய ஆட்கள் வருவார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னும் இருபது டப்பு, ஒரு பாய்லர், பக்கத்துக் காலி மனையை மாதத்துக்கு ஒரு நாள் வாடகைக்கு எடுக்க முன்பணம். அர்ஜுனன் யோசித்துவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார்.

"அங்க ஏதாச்சும் கெடச்சா இங்கயே இரு. இல்லன்னா திங்கக்கெழம கம்பெனி பஸ் ஏறு. அப்புறம் எதுவும் பேசக் கூடாது."

விழா நாளன்று மாறனுக்கு ஷிப்ட். பெரியப்பா மகள் கல்யாணம் ஆகிப் போளூரில் இருந்தாள்.

"தனியாவா போறே?" என்றாள் தனம்.

"மேடையில எப்படியும் தனியாத்தானம்மா நிக்கணும்."

விழா நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் அங்கே முகூர்த்தம். "உமேஷ் – சாம்பவி" என்ற தெர்மாகோல் எழுத்துகளை மறைக்கத்தான் விழா பேனரைக் கட்டியிருந்தார்கள். பேனர் சற்றுச் சிறியது என்பதால் "பவி" மட்டும் நாள் முழுவதும் ஓரமாக நின்று விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் பதிவு செய்கிற மேஜையில் சினேகா என்ற பெண் இருந்தாள். படிவத்தில் அணி உறுப்பினர் பெயருக்கு நாலு கோடு. எழிலரசி முதல் கோட்டில் தன் பெயரை எழுதிவிட்டு மற்ற மூன்றையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீம்ல மத்தவங்க எல்லாம் வந்துனு இருக்காங்களா?" என்று சினேகா கேட்டாள்.

"நான் மட்டுந்தாங்க."

சினேகா பரிவோடு ஓர் அடையாள அட்டையை மாட்டிவிட்டாள். அதில் 'நிறுவனர்' என்று போட்டிருந்தது.

மூன்றாவது வரிசையில் ஓரமாக இடம் பிடித்து, பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்தாள். ஆள் வருகிறார்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வருகிறார்கள் என்று இரண்டு பேரிடமும் சொன்னாள். வராத ஆளுக்காக அந்தப் பை காலை முழுவதும் ஒரு நாற்காலியில் வாடகை இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

சிறப்பு விருந்தினர் சக்கரபாணி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். மனை விற்பனை, ஜல்லி, சிமெண்ட் எல்லாம் உண்டு. அவற்றின் நிழலில் ஓர் அறக்கட்டளையும் உண்டு. அவருக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த பேச்சாளர், 'இலவசம்' என்ற சொல்லை இளைஞர்கள் அகராதியிலிருந்தே கிழித்துவிட வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். யாருக்கும் எதையும் சும்மா கொடுக்காதீர்கள், உங்கள் உழைப்புக்கு ஒரு விலை வையுங்கள் என்றார். சக்கரபாணி எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டினார்.

எழிலரசி ஏழாவதாக மேடையேறினாள். முதல் அரை நிமிஷம் மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தாள். பிறகு கால்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மனப்பாடம் தேவைப்படவில்லை. எந்த இடத்தில் நடை தளரும், எத்தனை சூடு பொறுக்கும், ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் டப்பை எப்படிக் கழுவ வேண்டும், மழை வந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அங்கே அன்று பேசியவர்களில், தான் சொன்ன தொழிலை உண்மையிலேயே செய்துகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அவர் மட்டும் குறிப்பு எடுத்துக்கொண்டார். பிறகு நியாயமான ஒரு கேள்வி கேட்டார்.

"வருமானம் எங்கேர்ந்துமா வருது? தண்ணிக்குக் காசு வாங்கறீங்களா?"

முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அந்த மலையை ஒரு முறையாவது சுற்றியவர்கள். தனத்தின் குரல் மண்டபத்தின் கூரையிலிருந்து கேட்டிருக்க வேண்டும்.

"இல்லீங்க சார், தண்ணி ஃப்ரீதான். தண்ணிக்கெல்லாம் நாங்க காசு வாங்க மாட்டோம்."

அடுத்த வாக்கியத்தில் நாற்காலி இருந்தது. அது வெளியே வருவதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. சக்கரபாணி எழுந்து நடுவரின் மைக்கை வாங்கினார்.

"படிச்ச பொண்ணு, தண்ணிக்குக் காசு வாங்க மாட்டேன்னு சொல்லுது பாருங்க. இதுதாங்க நம்ம ஊரு. வர்ற பௌர்ணமியிலேர்ந்து நம்ம டிரஸ்ட் சார்பா அடி அண்ணாமலையில நூறு டப்பு. முழுக்க இலவசம். பாப்பாவே முன்னால நின்னு நடத்தும்."

"சார், நான் நாற்காலிக்குத்தான்..."

"நாற்காலியும் நாமளே போட்டுடலாம்மா. அதெல்லாம் நீ கவலப்படாத."

கைதட்டல் இரண்டு மடங்கானது. அந்த நேரத்தில் ஒருத்தி மைக்கைப் பிடித்து, ஐயா, தயவுசெய்து யாருக்கும் இலவசமாகக் கொடுக்காதீர்கள், என் பிழைப்பு போய்விடும் என்று சொல்ல முடியுமா? சொல்லலாம். அதைச் சொல்வதற்குத்தான் காலையில் முக்கால் மணி நேரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பேச்சாளர் கிரிவலப் பாதையில் பிறந்தவர் இல்லை. எழிலரசி சால்வைக்குக் குனிந்தாள். நன்றி என்றும் சொன்னாள்.

முதல் பரிசு நாலு பொறியியல் மாணவர்களுக்குப் போனது. கண்ணில் மாட்டிக்கொண்டால் வீட்டில் உட்கார்ந்தபடியே கிரிவலம் வரலாம் என்கிற ஒரு கருவி. சக்கரபாணி அதை மாட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே இரண்டு கையையும் கூப்பினார். வங்கி மேலாளர் எழிலரசியின் பக்கம் வந்து, நல்ல யோசனைம்மா, ஆனா இனிமே இதுல முதலீடு செய்ய ஒண்ணும் இல்லையே என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னது சரிதான். அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போனபோது, பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்தில் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் அர்ஜுனன் என்ன கிடைத்தது என்று கேட்டார். அவள் சால்வையைக் காட்டினாள். நடந்ததைக் கேட்டதும் தனத்துக்கு முதலில் சந்தோஷம். நூறு டப்பு என்றால் எத்தனை பேர் மனம் குளிர வாழ்த்துவார்கள். "அப்ப நம்ம நாற்காலிங்க?" என்று சிறிது நேரம் கழித்துத்தான் கேட்டாள்.

பௌர்ணமியன்று மதியமே பந்தல் வந்துவிட்டது, அர்ஜுனன் வீட்டுக்கு நேர் எதிரில். பேனரில் சக்கரபாணி முழு ஆளாக நின்றார். கீழே ஒரு வட்டத்துக்குள், சால்வையோடு எழிலரசி. நூறு டப்பு வந்தது, பாய்லர் வந்தது, மஞ்சள் பனியன் போட்ட தொண்டர்கள் வந்தார்கள். நாற்காலி ஏற்றிய வண்டி மட்டும் வரவில்லை. சாயங்காலம் தொண்டர்கள் தனத்திடம் வந்து நின்றார்கள். தானத்துக்குக் கேட்கிறார்கள், எப்படி இல்லை என்பது? பன்னிரண்டு நாற்காலியும் தெருவைக் கடந்து போயின. எழிலரசிக்கும் ஒரு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள்.

அந்த ஆந்திரத்து அம்மாள் இந்த முறையும் வந்தார். தெரிந்த முகம், தெரிந்த சிவப்பு நாற்காலி. காலை நனைத்துக்கொண்டு, எழுந்ததும் வழக்கம்போல முப்பது ரூபாயை எழிலரசியிடம் நீட்டினார். ஒரு தொண்டர் நடுவில் புகுந்து, ஃப்ரீ, ஃப்ரீ என்று கையை ஆட்டினார். நடந்ததை விளக்க எழிலரசியின் தெலுங்கில் சொல் இல்லை. அந்த அம்மாள் குழம்பி, சுற்றும் முற்றும் பார்த்து, பந்தல் வாசலில் வைத்திருந்த அறக்கட்டளை உண்டியலில் அந்த முப்பது ரூபாயைப் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

திங்கட்கிழமை எழிலரசி கம்பெனி பஸ் ஏறினாள். இந்த முறை மாறன் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வெறுங்காலோடு நடப்பவர்களை நம்பி இருந்தவள் இப்போது ஏதோ குளிர் நாட்டுக் கால்களுக்காக ஷூவுக்கு அடி ஒட்டுகிறாள். வாரம் ஒரு நாள் லீவு. பௌர்ணமிக்கு லீவு கிடையாது.

அறக்கட்டளை மூன்று பௌர்ணமி நடத்தியது. வேண்டிய போட்டோக்கள் அதற்குள் எடுத்து முடிந்துவிட்டன. நாலாவது மாதம் பந்தல் வரவில்லை. தனம் தைரியமாகப் பழைய பலகையைத் துடைத்து வெளியே வைத்தாள். வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள். போன மாதம் வரை சும்மாதானே இருந்தது, இந்த ஊரில் இப்படியும் ஆரம்பித்துவிட்டார்களா என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். ஒருவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். தனம் பலகையை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மழைக்குக் கிழிந்து தொங்கிய பேனரை அர்ஜுனன் அவிழ்த்துவந்து இளநீர்க் குலைகள் மேல் போர்த்தினார். சக்கரபாணி உள்பக்கம், எழிலரசி வெளிப்பக்கம் வந்தது தற்செயல்.

இந்த மார்கழியில் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் எழிலரசியின் போன் அடித்தது. சினேகா பேசினாள். திருவிழா இந்த ஆண்டும் நடக்கிறது. போன ஆண்டு மேடையேறி சமூகத்தில் மாற்றம் கொண்டுவந்தவர் என்ற முறையில் எழிலரசி வந்து பத்து நிமிஷம் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டும். போன தடவை தனியாக வந்துவிட்டீர்கள், இந்தத் தடவை கூட ஒருவரை அழைத்து வரலாம், அவருக்கும் சாப்பாடு உண்டு என்றாள்.

ஒரு நாள் சம்பளம் பிடிப்பார்களே, அதற்கு ஏதாவது கொடுப்பீர்களா என்று எழிலரசி கேட்டாள்.

சினேகா சிரித்தாள். "இல்லீங்க மேடம். எல்லாரும் ஃப்ரீயாத்தான் வந்து பேசறாங்க. இது ஒரு சேவைதானே."

கேன்டீனில் தட்டு கழுவுகிற சத்தம். யாரும் இவள் பக்கம் பார்க்கவில்லை.

"நான் காசு வாங்குவேங்க," என்றாள் எழிலரசி.

கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சினேகா சொன்னாள். கூப்பிடவில்லை.