முட்டிண்டாவின் வலது கண்

சோமா ஊர்ச் சந்தையில் தக்காளி விற்கும் முட்டிண்டாவுக்கு வலது கண் திடீரென்று மங்கியது. இடது கண்ணை மூடினால், பழுத்த தக்காளிகூட வெளுத்துத் தெரிந்தது. கண்ணை உருட்டினாலே உள்ளே வலித்தது.

"யாரோ செய்வினை வச்சிட்டாங்கடி! மூலிகைச் சாறு விட்டாச் சரியாயிடும்," என்றாள் பக்கத்துக் கடை லுயாண்டோ.

"என் கண்ணு என்ன கீரைப் பாத்தியா, சாறு ஊத்த? கடையப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு முட்டிண்டா லிவிங்ஸ்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே டாக்டர் இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சோதித்தார். "கண்ணுலேருந்து மூளைக்குப் போற நரம்பு வீங்கியிருக்கும்மா. கிருமியால வரலாம். உடம்போட எதிர்ப்புச் சக்தியே நரம்பத் தாக்கினாலும் வரலாம்."

கிருமி இல்லை என்று தெரிந்ததும் ஸ்டீராய்டு மருந்தைக் கையில் ஊசி குத்தி ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். அதில் தூக்கம் போனது. பசி மட்டும் பிய்த்தெடுத்தது. மூன்றாம் நாளும் பார்வையில் மாற்றமில்லை.

"வீட்டுக்குப் போலாம்னு தோணுதா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"அஞ்சு நாள்னு சொன்னீங்கல்ல? அஞ்சு நாளும் ஏத்துங்க. இன்னொரு தட்டு சீமா சோளக் களி மட்டும் குடுங்க."

இரண்டு வாரத்தில் வலது கண்ணால் பஸ் பலகையைப் படித்தாள். ஆனால் ரத்தப் பரிசோதனை, எதிர்ப்புச் சக்தி மறுபடியும் தாக்கக்கூடும் என்றது. பல வருடம் தினமும் மாத்திரை.

"அதான் கண்ணு தெரியுதே, இன்னும் எதுக்குடி மாத்திரை?" என்றாள் லுயாண்டோ.

"நாளைக்கும் தெரியணுமே!" என்று முட்டிண்டா மாத்திரையை விழுங்கினாள்.