பேஷ்கார் காருக்கு ஈப்போவில் ஒரு கவட்டை

மலாயாவில், நான் இருக்கிற ஈப்போவில், காப்பி வாங்கப் போகிறவன் பாத்திரம் கொண்டு போக வேண்டியதில்லை. காலியான பால்டின்னில் ஓட்டை போட்டு, கயிறு கட்டி, அதில் காப்பியை ஊற்றிக் கையில் தொங்கவிட்டு அனுப்புகிறார் கடைக்காரச் சீனர். வந்த புதிதில் அந்தத் தகரத்தில் வாய் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பத்து வருஷமாக இப்போது அதில்தான் குடிக்கிறேன். இந்த ஊரில் எதையும் லேசில் தூக்கி எறிய மாட்டார்கள். கடையில் கிடைக்காத சாமானை, கையில் கிடைத்ததை வைத்துச் செய்து கொடுத்துவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் என் தம்பிக்கு யோசிக்காமல் ஒரு வாக்குக் கொடுத்தேன். ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து "ஆகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதுவது ரொம்பச் சுலபம். எழுதிய பிறகுதான் தூக்கம் போகும்.

தம்பி செல்லையா புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்ஷாப் வைத்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் பஸ் கம்பெனியில் மற்றவர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். அவனை நம்பிப் பேஷ்கார் ஐயா தம் காரை ஒப்படைத்தார். சமஸ்தானக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் அவர். சமஸ்தானமும் போய், உத்தியோகமும் போய், கார் மட்டும் வீட்டு ஷெட்டில் செங்கல் மேல் நின்றது. துணிக்கூரை போட்ட பழைய இங்கிலீஷ் கார். வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காரில்தான் மாப்பிள்ளை ஊரான மணமேல்குடிக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஷெட்டிலேயே வைத்து வேலை பார்க்கச் சொல்லி, ஷெட் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். கியர்ப்பெட்டிக்குள் பல்சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுகிற வெண்கலக் கவட்டை ஒன்று உண்டு. அது கோத்திருந்த தண்டு இறுகிக் கிடக்கவே, செல்லையா சுத்தியலால் தட்டியிருக்கிறான். கவட்டை இரண்டாக உடைந்துவிட்டது. பயல் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு, பெட்டியை மூடிவிட்டு, "கியர்ப்பெட்டி நல்லாருக்குங்கய்யா, வேற சாமான்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

எழுதினாலும் பேசுகிற மாதிரியேதான் எழுதுவான். "அண்ணே, இது வெளிய தெரிஞ்சா இனிமே ஒருத்தனும் என்னைய நம்பி வண்டிய விடமாட்டான். கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். ஒங்க ஊர்ல இது கெடைக்கும்ல?" நான் ஈயச் சுரங்கத்தில் ஸ்டோர் கிளார்க். சாமான் தேடுவதே என் பிழைப்பு. ஆகட்டும் என்று எழுதிவிட்டுத் தேடினால், அந்தக் காரைச் செய்த கம்பெனியே மூடிப் பல காலம் ஆகிவிட்டதாகச் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. ஈப்போவிலும் பினாங்கிலும் பழைய கார்களைப் பிரித்துப் போடும் இடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் கழிந்தன. கடைசியில் எங்கள் சுரங்கத்துக்கு வார்ப்பு வேலை செய்கிற சீன முதலாளி, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், "உடைந்ததைக் கொண்டு வா, அதே மாதிரி செய்கிறேன்" என்றார். தம்பிக்கு எழுதினேன். மாசிக் கடைசியில் கப்பலில் வந்த கட்டுமாவடி மீராசா பாய் துண்டுகளைக் கொண்டு வந்து கொடுத்தார்.

பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு துண்டும் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று மின்னின. சந்தனம், குங்குமம் வேறு.

"ஒங்க தம்பி வீட்டுல புளி போட்டு வெளக்கிக் குடுத்தாங்கண்ணே. மூத்தவுக கைக்குப் போறது எண்ணெயும் கரியுமாப் போகக்கூடாதுன்னாங்க" என்றார் பாய்.

"சரி பாய். இந்த உடைஞ்ச ஓரம் எப்படி இவ்வளவு வழவழன்னு இருக்கு?"

"அதுவா? ஒங்க தம்பிதான் அரம் போட்டு ராவுனாரு. பிசிறு கையக் கிழிச்சுடும், சீனக்காரன் நம்ம வேலையப் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னாரு."

ராவினால் அளவு குறையுமே என்று தோன்றியது. ஆனாலும் துண்டுகளைத் தவுக்கேயின் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் கழித்துப் போனால் வேலை தொடங்கவே இல்லை. இரண்டு துண்டும் தவுக்கேயின் சாமி மாடத்தில், ஊதுபத்திக்கு முன்னால் இருந்தன. குங்குமத்தைப் பார்த்துவிட்டு எங்கள் கோயில் பொருள் என்று நினைத்திருக்கிறார். இடுக்கியில் வைத்து நெரித்தால் எனக்குப் பாவம் வரும் என்று பயந்திருக்கிறார். இது சாமி இல்லை, கார்ச் சாமான் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கீழே இறக்கி, துண்டுகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ராவியதில் எவ்வளவு போயிற்றென்று யாருக்குத் தெரியும்? "தா போலே" என்றார். முடியாது என்று அர்த்தம். காருக்குள்ளே தண்டுக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதச் சொன்னார். வெண்கலம் ஆறும்போது சுருங்கும், அதற்கு அவர் கணக்கு வைத்திருக்கிறார். அரத்தில் போனதற்கு அவரிடம் கணக்கு இல்லை.

அளந்து அனுப்பச் சொல்லி எழுதினேன். "மறுபடி எப்படிண்ணே தெறக்கச் சொல்லுவேன்? நல்லாருக்குன்னுல சொல்லிருக்கேன். நீங்க ஒரு குத்துமதிப்பாப் போட்டு அனுப்புங்க" என்று பதில் வந்தது. குத்துமதிப்பு! கவட்டை கட்டையாகிப் போனால் கியர் பிடித்த மாதிரி இருக்கும், பாரம் ஏறியதும் நழுவும். மணமேல்குடிப் பாதையில் கண்மாய்க்கரை ஏற்றங்கள் எனக்கு மனப்பாடம். அந்தக் காலத்து பிரேக்கை நம்பி ஏற்றத்தில் நிற்க முடியாது. வண்டி பின்னால் உருள்வதும், பட்டுப்புடவையோடு அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொள்வதும் ஆபீசில் சாமான் சீட்டு எழுதும்போதுகூடக் கண் முன்னால் வந்தன. செல்லையாவுக்கு இன்னும் இரண்டு முறை எழுதினேன், ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று. பதில் இல்லை. சித்திரை பிறந்துவிட்டது. கப்பலுக்கு ஒரு வாரம் வேண்டும்.

கடைசியில் நானே பேஷ்கார் ஐயாவுக்கு எழுதினேன். தம்பி செய்ததையும் மறைத்ததையும் ஒளிக்காமல் எழுதி, மன்னித்து அளவு மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டேன். தபாலில் போட்ட நிமிஷமே திரும்ப எடுத்துவிடலாமா என்று பெட்டிக்கு முன்னால் நின்றேன். பதில் வரும் வரை தினமும் தபால்காரனை வழிமறித்துக் கேட்டேன். ஐயாவின் எழுத்து கச்சேரி எழுத்து, நிறுத்தி நிதானமாக இருந்தது.

"நேற்று உமது தம்பியை அழைத்துப் பெட்டியைத் திறக்கச் செய்து இருவருமாக அளந்தோம். நாலே முக்கால் அங்குலமும் அரை நூலும். கல்யாணத்துக்கு அவரேதான் வண்டி ஓட்டுவார், கவலை வேண்டாம். ஒன்று சொல்ல வேண்டும். அது உடைந்த அன்று நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். சத்தம் கேட்டது. அவராக வந்து சொல்லட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். இரண்டு தடவை வாசல் வரை வந்து திரும்பிப் போனார். மூன்றாம் தடவை சொல்லியிருப்பார். நீர் முந்திக்கொண்டீர்."

படித்ததும் அளவைத் தனியே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. அங்கே இருந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்து நாலு நாள் பொறுத்திருப்பேன். நடுவில் கடல் கிடக்கும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கப்பல் தேதிதான். தவுக்கே இரண்டு கவட்டை வார்த்து, நல்லதைத் தேர்ந்து கொடுத்தார். நாகப்பட்டினம் போகிற ஒருவர் கையில் அனுப்பினேன். செல்லையாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது: "சாமான் வந்தது. பொருந்தியது." மேலே "அண்ணே" என்று இல்லை. அதற்குப் பிறகு அவன் எழுதவே இல்லை.

ஆனியில் ஐயா ஒரு போட்டோ அனுப்பினார். மாலை சுற்றிய கார், பின் சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் செல்லையா. நான் கடைசியாகப் பார்த்ததற்கு இளைத்திருந்தான். ஊர்க்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வண்டியைச் சுற்றி நின்றார்கள். போட்டோவைத் தவுக்கேயிடம் கொண்டு போய்க் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"ஓட்டுகிறவன் உன் தம்பியா?"

"ஆமாம்."

"இத்தனை பேர் இருக்கிறார்களே, நீ எங்கே?"

செல்லையாவின் காலுக்குக் கீழே, கியர்ப்பெட்டி இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலை வைத்தேன்.