அம்புக்குறியின் மேல் ஒரு வீடு

நீர்ச் சுழற்சிப் பாடத்தை அருள்பிரகாசம் வாத்தியார் புத்தகத்தைத் திறக்காமலே நடத்துவார். வெயிலில் கடல்நீர் ஆவியாகும், மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும், மழையாக விழும். மேட்டில் விழுந்ததில் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். மிச்சம் பள்ளம் பார்த்து ஓடிக் கண்மாயை நிரப்பும். நிரம்பி வழிந்தது அடுத்தடுத்த கண்மாய் தாண்டி மறுபடி கடலுக்கே போகும். நீல சாக்பீஸால் அவர் போடும் அம்புக்குறிகள் அவ்வளவு அழகு. காரைக்குடியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்து மார்க் வாங்கினார்கள். வாங்கட்டும்.

காரைக்குடியை ஒட்டிய அவருடைய ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போய், மேட்டிலிருந்து கண்மாய்க்கு வரும் வரத்துக்காலைத் தூர்வார வேண்டும். இருவருக்கும் பொதுவான வயலைப் பயிரிடும் தம்பி லூர்து பிரகாஷ் தவறாமல் போவான். வாத்தியார் தம் பங்குக்குக் கூலியாளை அனுப்பிவிடுவார்; சட்டை கசங்குமே! வேலை கிடைத்த நாளிலிருந்து அந்த வாய்க்கால் ஓரம் அவர் நடந்ததே இல்லை. அதனால்தான் மேட்டில் வீட்டுமனை போட்டபோது, புல் மண்டிக் கிடந்த ஒரு பள்ளத்தை, மண்ணடித்தால் சரியாகிவிடும் என்று வாங்கினார்.

மண்ணடிக்கும்போதே தம்பி ஓடிவந்து, அதுதான் வரத்துக்கால் என்று சொன்னான். "அடியில குழாய் பதிச்சுடுறேன்டா" என்றார். பதித்தார், ஒரு ஆள் கை நுழையும் அளவுக்கு. அதன் மேல் வீடும் மதிலும் எழும்பின.

கார்த்திகையில் மழை கொட்டியது. குழாய் முதல் நாளே குப்பையில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் மதிலில் முட்டி, பக்கத்து வெற்று மனைகளில் பரந்து நின்றது. கீழே கண்மாயில் பாதிகூட இல்லை. லூர்து ஊர்க்காரர்களோடு கடப்பாரை எடுத்து வந்தான்.

"அண்ணே, மதிலக் கொஞ்சம் ஒடச்சு விடுவோம். தண்ணி இங்குட்டுதான் எறங்கணும். கதிர் வர்ற நேரத்துல தண்ணி இல்லேன்னா வெள்ளாமை போச்சு. ஒங்க பங்கும் அதுலதான கெடக்கு."

"ஏங்க, ஒடச்சா வெள்ளம் நம்ம வாசலுக்குல்ல வரும்?" என்றாள் மனைவி ஜெசி.

"முறையா வாங்குன மனைடா. பட்டா இருக்கு. மனு குடுங்க, அதிகாரி வந்து பாக்கட்டும்" என்றார் வாத்தியார்.

"பள்ளிக்கூடத்துல மட்டும் கண்மாய்க்குக் கோடு போடுறீக!" என்றான் லூர்து.

வாத்தியார் கேட்டைச் சாத்தினார். கூடப்பிறந்தவன் முகத்தில் சாத்தினார் என்று சொல்வதுதான் சரி.

மார்கழியில் வெயில் காய்ந்தது. மனைகளில் நின்ற தண்ணீர், பாடத்தில் உள்ளபடியே, ஆவியாகிப் போனது. எந்த மேகத்தில் சேர்ந்து எந்த ஊரில் பெய்ததோ. கண்மாயில் இருந்ததும் வற்றி, கதிரில் பால் பிடிக்கும் நேரத்தில் லூர்துவின் வயல் வெடித்துக் கிடந்தது.

தை பிறந்தால் வாத்தியாரின் பங்காகப் புது நெல் மூட்டை வீடு வந்து சேரும். இந்த வருஷம் வராது என்றுதான் ஜெசி நினைத்தாள். ஆனால் லூர்து மொபெட்டில் வந்து இறங்கினான், பின்னால் புடைத்த சாக்கு மூட்டை. அவ்வளவு மோசமாகப் போகவில்லை போலிருக்கிறது என்று வாத்தியாருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

"உள்ள வாடா, காப்பி சாப்பிடு."

லூர்து வரவில்லை. மூட்டையைக் கேட்டுக்குள் வைத்தான். "ஒங்க பங்குண்ணே" என்றான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வாத்தியார் எப்போதும்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினார். அது தலையணைபோல மேலே வந்துவிட, பின்னால் தடுமாறி மதிலில் சாய்ந்தார். கட்டை அவிழ்த்தார். ஒரு பிடி அள்ளி ஊதினார்.

அத்தனையும் பதர். கையில் ஒரு மணிகூட மிஞ்சவில்லை.