மடங்காத முழங்கை

சபையார் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரங்கள். நான் ஸ்டெல்லா, திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நான் ஒரு கோபக்காரி. இதை நானே முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சாமுவேல் சொல்லிவிடுவார்.

போன வருஷம் ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்தேன். வலது கையை ஊன்றிவிட்டேன். முழங்கை மூட்டு விலகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இழுத்துப் பொருத்தி மாவுக்கட்டு போட்டார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, கை பாதி மடங்கியபடியே நின்றது. அதற்கு மேல் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. தினமும் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

என் வீட்டுக்காரர் இரும்பு கேட் செய்கிறவர். முப்பது வருஷமாகக் கீல் வைத்துக் கீல் வைத்துப் பழகின கை. என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுமில்ல ஸ்டெல்லா, கீல் எறுகிப்போயிருக்கு. எண்ண உட்டு நாலு தடவ அமுக்கித் தொறந்தா வந்துடும்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணி ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் கொடுத்தார். ஜெபித்த எண்ணெயும் இருக்கிறது, கீல் தெரிந்த புருஷனும் இருக்கிறார். வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

காலையும் மாலையும் தேய்த்தார். நான் கத்துவேன். அவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே அமுக்குவார். இரண்டு மாதம் இப்படியே போனது. கை கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் இறுகியது.

சோற்றைப் பிசைய முடிந்தது. ஆனால் பிசைந்த கை நெஞ்சுக்கு நேராக வந்து நின்றுவிடும், வாய்க்கு வராது. அவர் ஊட்டிவிட்டார். கல்யாணமான புதிதில் ஊட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். நாற்பத்தெட்டு வயதில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும்போது, அவமானமாக இருந்தது. இடது கையில் ஸ்பூன் பிடித்தேன். ஆனால் திருவிருந்து அப்பத்தை இடது கையால் எடுத்துச் சாப்பிட எனக்கு மனசு வரவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு தட்டு என்னிடம் வரும்போதெல்லாம் தலையை ஆட்டி அனுப்பிவிடுவேன். சபையில் சிலர், ஸ்டெல்லா யாரிடமோ சண்டை போட்டிருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். சண்டை இருந்தது உண்மைதான். அது கர்த்தரோடு.

"எனக்கு வேற எதுவும் வேணாம் ஆண்டவரே, இந்தக் கை என் வாய் வரைக்கும் வரணும், அவ்ளோதான்" என்று தினமும் கேட்டேன். கெஞ்சிக் கேட்கவில்லை, அதட்டித்தான் கேட்டேன்.

அக்டோபரில் சிதம்பரத்தில் என் நாத்தனார் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். காலை பாசஞ்சரில் ஏறினோம். ரயில் ஆலப்பாக்கம் தாண்டும்போது இவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எதிரே முக்காடு போட்ட ஒரு பெண், முப்பது வயது இருக்கும், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. இனிமே இந்தக் கைய தேய்க்கவே தேய்க்காதீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இது ஜெபம் பண்ணின எண்ணெய்ம்மா" என்றேன்.

"எண்ண நல்லதுதாங்கா. தேய்க்கிறதுதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பெயர் ஷமீமா. சிதம்பரத்தில் பிசியோதெரபி பார்க்கிறவள், தினமும் அந்த ரயிலில்தான் போகிறாள். தன் கையையே நீட்டிக் காட்டி விளக்கினாள். தோள் மூட்டு கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து போல, எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கை அப்படியில்லை, கீல் மாதிரி மடங்கும், நீளும்.

"பாத்தியா, நான் சொன்னனா இல்லையா" என்றார் இவர்.

"கீலுதாண்ணே. ஆனா இந்தக் கீலுக்கு எண்ண உள்ளயே இருக்கு. ரெண்டு எலும்பு முனையிலயும் வழவழன்னு ஒரு மூடி, சுத்தி ஒரு பை, பைக்குள்ள கொழகொழன்னு நீர். மூட்டு அசஞ்சாதான் அந்த நீர் எல்லா எடத்துக்கும் போவும். வெளிய தேய்க்கிற எண்ண உள்ள போவாது. அடிபட்ட முழங்கைய இப்படி அமுக்குனா சதைக்குள்ள புதுசா எலும்பு வளந்துடும். அது கதவுக்கு நடுவுல கல்லு வெச்ச மாதிரி."

இவர் பாட்டிலை மெதுவாக மூடினார். அதைப் பைக்கு அடியில் தள்ளிவிட்டார். எனக்கு முதல் முறையாக என் கைக்காக இல்லாமல் அவருக்காக அழுகை வந்தது. பாவம், அன்பாகத்தானே அமுக்கினார்.

மறுவாரமே எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தோம். ஷமீமா சொன்னது சரி. மூட்டின் முன்பக்கம் மேகம் மாதிரி கொஞ்சம் எலும்பு. டாக்டர் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார். பாஸ்டர் ஐயாவிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சிஸ்டர், நான் நெத்தியில ஒரு சொட்டு வெக்கத்தான் குடுத்தேன்" என்றார்.

அதன் பிறகு வாரம் மூன்று நாள் அதே பாசஞ்சரில் சிதம்பரத்துக்கு, ஷமீமாவிடம் பயிற்சி. யாரும் என் கையை அமுக்கவில்லை. நானே வலிக்கிற இடம் வரை மடக்கி, நீட்டி, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்ப வேண்டும். ஒரு வாய் சோறு சாப்பிட விரலும் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னேன், கைக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

டிசம்பரில் கை தாடைப் பக்கம் வந்தது. ஜனவரி கடைசியில் ஷமீமா அளந்து பார்த்துவிட்டு, "அக்கா, உண்மையச் சொல்லிடறேன். இதுக்கு மேல கொஞ்சந்தான் வரும். முன்ன இருந்த அளவு வராது" என்றாள். வாய்க்கும் விரலுக்கும் நடுவில் இன்னும் நாலு விரல் இடைவெளி இருந்தது. அன்று ரயிலில் நான் கர்த்தரிடம் பேசவே இல்லை.

பிப்ரவரி முதல் ஞாயிறு. தட்டு என்னிடம் வந்தது. பழக்கத்தில் தலையை ஆட்டப் போனேன். பக்கத்தில் இவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையால் அப்பத்தை எடுத்தேன். கையை மடக்கினேன். வந்தது, வந்தது, நாலு விரல் தூரத்தில் நின்றுவிட்டது. அப்புறம் தலையைக் குனிந்தேன். கழுத்திலும் மூட்டுகள் இருக்கின்றன, அவற்றை நான் அதிகம் உபயோகித்ததில்லை.

வாய் கைக்கு வந்துவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

இப்போது தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறேன், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை குனிந்து. கோபம் குறைந்திருக்கிறதா என்று இவரைக் கேளுங்கள், கொஞ்சம் என்று சொல்வார். ஷமீமா மகளுக்குப் பாவாடை சட்டை என் கடையில்தான் தைக்கிறேன். உங்களில் யாருக்காவது கேட்ட உதவி வரவில்லை என்ற மனக்கசப்பு இருந்தால், கேட்பதை விட்டுவிடாதீர்கள். எனக்கு அது ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தது. அவள் அன்று இவர் கையைப் பிடித்தபோது நாங்கள் உதறிவிட்டிருந்தால், இன்றைக்கும் இவர் ஊட்டிவிட்டுத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.